லிங்கருக்குத் தெரிந்தது லோடருக்குத் தெரியாது

கேள்வி: உபுண்டு 22.04 வைத்திருக்கிறேன். இணையத்தில் தரவு பரிமாறும் கர்லின் லைப்ரரியான லிப்கர்லைப் பயன்படுத்தும் ஒரு சி நிரலை பில்ட் செய்தபோது ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு கர்ல்_ஈஸி_ஹெடர்’ என்று நின்றுவிட்டது. கர்லின் புதிய பதிப்பை இறக்கி, நானே கம்பைல் செய்து /யூஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவினேன். அப்போதும் அதே பிழை. லிங்கருக்குப் பெரிய எல் என்ற ஆப்ஷன் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டச் சொன்னார் நண்பர். காட்டியதும் பில்ட் முடிந்தது. ஆனால் ஓட்டினால் ‘சிம்பல் லுக்அப் எரர்: அன்டிஃபைன்ட் சிம்பல்: கர்ல்_ஈஸி_ஹெடர்’ என்கிறது. எல்டிகான்ஃபிக் ஓட்டு என்கிறார் ஒருவர். எல்டி_லைப்ரரி_பாத் வை என்கிறார் இன்னொருவர். புது எஸ்ஓ கோப்பை, அதாவது லைப்ரரிக் கோப்பை, பழையதன் மேல் காப்பி செய் என்கிறார் மூன்றாமவர். எதைச் செய்வது? இன்னொன்று: இதே நிரலில் நான் எழுதிய இரண்டு .ஏ லைப்ரரிகள் (பில்டின்போதே நிரலுக்குள் சேர்ந்துவிடுபவை) வரிசையை மாற்றினால்தான் லிங்க் ஆகின்றன. உபுண்டு 20.04 வைத்திருக்கும் நண்பரிடம் நிரலைக் கொடுத்தால் ‘ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது.

பதில்:

மூன்றாமவர் சொன்னதை இன்னும் செய்யவில்லை என்று நம்புகிறேன். செய்திருந்தால், சிஸ்டத்தின் லிப்கர்ல் பேக்கேஜை மறுபடி நிறுவிவிட்டு மேலே படியுங்கள். சிஸ்டத்தின் பேக்கேஜ் மேனேஜர் வைத்த கோப்பின் மேல் நம் கோப்பைப் போடுவது எந்த நிலையிலும் வேண்டாம். அடுத்த அப்டேட்டில் அது நம்முடையதைத் தூக்கி எறிந்துவிடும். அதுவரை அந்த லைப்ரரியை நம்பியிருக்கும் மற்ற நிரல்களெல்லாம் நம் பரிசோதனைக்கு ஆளாகும்.

மற்ற இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதற்கு முன்னால், உங்கள் கணினியில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் அதற்குரிய ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.)

நீங்கள் பார்த்த பிழைகளில் எல்லாம் ஒரே பெயர்தான் வருகிறது. அதனால் ஒரே பிழை மாறி மாறி வருவதாகத் தோன்றியிருக்கும். ஆனால் குறை சொன்னவர் ஒவ்வொரு முறையும் ஒருவர் இல்லை. கம்பைலர் ஹெடரை, அதாவது ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பை, பார்க்கும். துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் லைப்ரரியைப் பார்க்கும். நிரலை நீங்கள் ஓட்டும்போது லோடர் என்று மூன்றாவது ஆள் வந்து, லைப்ரரியைத் தானே புதிதாகத் தேடும். மூவரும் ஒரே வரிசையில் தேடுவதில்லை, ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்வதும் இல்லை. உங்கள் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

உபுண்டு 22.04-இல் வருவது கர்ல் 7.81.0. கர்ல்_ஈஸி_ஹெடர் என்ற ஃபங்ஷன் கர்லுக்குள் வந்தது 7.83.0-இல்தான், 2022 ஏப்ரலில். ஆக முதல் முறை நீங்கள் பில்ட் செய்தபோது ஹெடரிலும் அது இல்லை, லைப்ரரியிலும் இல்லை. உபுண்டு 22.04-இன் கம்பைலரான ஜிசிசி 11, சி மொழியில் தெரியாத ஃபங்ஷனைக் கண்டால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். பழைய லாக் இருந்தால் மேலே ஏற்றிப் பாருங்கள், ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். 2024-இல் வந்த ஜிசிசி 14-இலிருந்து அது பிழையாகவே ஆகிவிட்டது, நல்லதுதான். அந்த எச்சரிக்கையை அப்போதே கவனித்திருந்தால், ‘என்னிடம் இருக்கும் கர்ல் பழசு’ என்பது லிங்கர் வரை போகாமலே தெரிந்திருக்கும்.

இரண்டாவது முறை, புதிய கர்ல் /யூஎஸ்ஆர்/லோக்கலில் உட்கார்ந்த பிறகும் அதே பிழை வந்தது ஏன்? கம்பைலர் /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் ஃபோல்டரை முதலில் பார்க்கும். அதனால் புதிய ஹெடரை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கை காணாமல் போனது. லிங்கருக்கு முன்னுரிமை வேறு. டெவ் பேக்கேஜ் (பில்ட் செய்வோருக்காக உபுண்டு தரும் லிப்கர்ல் பேக்கேஜ்) வைத்த லிப்கர்ல்.எஸ்ஓ, /யூஎஸ்ஆர்/லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு ஃபோல்டரில் இருக்கிறது. லிங்கர் அங்கே போய்ப் பழையதை எடுத்துக்கொண்டு, ‘இப்படி ஒரு பெயரே இல்லையே’ என்றது. புதிய ஹெடர், பழைய லைப்ரரி. பெரிய எல் கொடுத்ததும் லிங்கர் நீங்கள் காட்டிய ஃபோல்டரை முதலில் பார்த்தது, வேலை முடிந்தது.

அங்கேயும் ஒரு விஷயம் இருக்கிறது. லிங்கர் புதிய கர்லைப் பார்த்தாலும், நிரலுக்குள் அதன் பாதையை எழுதி வைக்காது. எழுதுவது எஸ்ஓநேமை, அதாவது லைப்ரரி தனக்கென்று வைத்திருக்கும் பெயரை, மட்டும்: ‘லிப்கர்ல்.எஸ்ஓ.4’. அந்த 4 கர்லில் 2006-இல் வந்தது, இன்றுவரை மாறவில்லை. உங்கள் புதிய கர்லும் 4, உபுண்டுவின் 7.81.0-உம் 4. லோடருக்கு வேண்டியது லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்ற பெயர். பெரிய எல் என்று நீங்கள் லிங்கரின் காதில் சொன்னது அதற்குக் கேட்கவே இல்லை. தன்னிடம் இருக்கும் பட்டியலை, அதாவது /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் கோப்பை, புரட்டியது. சிஸ்டத்தின் பழைய கர்ல் அதில் இருந்தது. எடுத்தது, ஓட்டியது, அந்த ஃபங்ஷனைத் தேடியது, இல்லை.

நான் சொல்வதை நம்பவேண்டாம், பத்து நிமிடத்தில் நீங்களே பார்க்கலாம். நிரலின் மெயினில் இரண்டு வரி சேருங்கள். ஒன்றில் லிப்கர்ல்_வெர்ஷன் என்ற மேக்ரோவை அச்சிடுங்கள் (பெயர் முழுவதும் பெரிய எழுத்தில்). அது ஹெடரிலிருந்து வருவது, கம்பைல் ஆகும்போதே உறைந்துபோகும். இன்னொன்றில் கர்ல்_வெர்ஷன் ஃபங்ஷனை அழைத்து அது தரும் வரியை அச்சிடுங்கள். அது ஓடும்போது உண்மையில் கையில் கிடைத்த லைப்ரரி சொல்வது. கர்ல்_ஈஸி_ஹெடர் அழைப்பைத் தற்காலிகமாக கமென்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். முதல் வரி 8 என்று தொடங்கும், இரண்டாவது 7.81.0 என்று சொல்லும். ஒரே நிரலின் வாயிலிருந்து இரண்டு பதில்.

அப்புறம் எல்டிடி கட்டளைக்கு உங்கள் நிரலின் பெயரைக் கொடுங்கள். லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்ற வரியில் அம்புக்குறிக்குப் பின்னால் வரும் பாதைதான் லோடரின் முடிவு. இன்னும் விவரம் வேண்டுமென்றால், எல்டி_டீபக் என்ற மாறிக்கு ‘லிப்ஸ்’ என்று மதிப்பு கொடுத்து நிரலை ஓட்டுங்கள். லோடர் எந்தெந்த ஃபோல்டரைத் தட்டிப் பார்த்தது, எங்கே நின்றது என்று வரிவரியாகக் கொட்டும். பல பேர் இதை அறியாமலே வருடக்கணக்கில் ஊகத்தில் காலம் தள்ளுகிறார்கள். (நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த நிரலுக்கு எல்டிடி வேண்டாம். சில நிலைகளில் அது அந்த நிரலையே ஓட்டிவிடக் கூடும். அதற்கு ஆப்ஜ்டம்ப் -பி (ப்ரைவேட் என்பதன் முதல் எழுத்து, சின்ன எழுத்தில்) போதும்.)

சரி, இனி ஆலோசனைகள். எல்டிகான்ஃபிக் ஓட்டினால் உங்கள் நிரல் உடனே ஓடும். கர்லின் மேக் இன்ஸ்டால் கோப்புகளை வைத்துவிட்டுப் போனதே தவிர, லோடரின் கேஷைப் புதுப்பிக்கவில்லை, அதைத்தான் எல்டிகான்ஃபிக் செய்கிறது. ஆனால் உபுண்டுவில் கேஷுக்கான பட்டியலில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் முன்னால் நிற்கிறது. ஆகவே கேஷ் புதுப்பித்த நொடியிலிருந்து கணினியில் லிப்கர்ல் கேட்கும் எல்லா நிரலுக்கும் உங்கள் கர்ல்தான் போகும். உபுண்டுவின் கர்ல் தன் சிம்பல்களுக்கு, அதாவது ஃபங்ஷன் பெயர்கள் போன்றவற்றுக்கு, பதிப்பு முத்திரை குத்தி வைத்திருக்கும், சாதாரணமாக நாம் சோர்ஸிலிருந்து எடுப்பதில் அது இருக்காது. டெர்மினலில் கர்ல் என்று அடித்தாலே ‘நோ வெர்ஷன் இன்ஃபர்மேஷன் அவெய்லபிள்’ என்று ஒரு வரி வந்து எட்டிப்பார்க்கும். ஒரு நிரலுக்காகக் கணினி முழுவதையும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்டி_லைப்ரரி_பாத், அதாவது லோடர் முன்னதாகப் பார்க்கவேண்டிய ஃபோல்டரைச் சொல்லும் மாறி, சோதனைக்கு மட்டும். ஒரே கட்டளையின் முன்னால் வைத்து ஓட்டிப் பாருங்கள். நிரல் ஓடினால் நம் ஊகம் சரி என்று அர்த்தம். அதோடு விட்டுவிடுங்கள். ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்துவிடாதீர்கள். நான் ஒரு முறை அப்படி எழுதி, எழுதியதையே மறந்து, பல மாதம் கழித்துச் சம்பந்தமே இல்லாத ஒரு நிரல் விழுந்தபோது இரண்டு நாள் அதன் சோர்ஸைத் துழாவிக்கொண்டிருந்தேன். குற்றவாளி என் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

நான் செய்வது இது. முதலில் /யூஎஸ்ஆர்/லோக்கலைச் சுத்தம் செய்யுங்கள்: கர்ல் சோர்ஸ் ஃபோல்டருக்குப் போய் மேக் அன்இன்ஸ்டால், அதன் பின் ஒரு எல்டிகான்ஃபிக். சோர்ஸை அழித்துவிட்டிருந்தால் அதே பதிப்பை மறுபடி இறக்கி, அதே மாதிரி கன்ஃபிகர் செய்துவிட்டு அன்இன்ஸ்டால் கொடுக்கலாம். பிறகு கன்ஃபிகரில் பிரிஃபிக்ஸை, அதாவது நிறுவும் இடத்தை, /ஆப்ட்/கர்ல்8 என்பது போலத் தனி ஃபோல்டராகக் கொடுத்துத் திரும்ப நிறுவுங்கள். இப்போது கம்பைலர், லிங்கர், லோடர் மூவரில் யாரும் தற்செயலாக அங்கே போகமாட்டார்கள். நீங்கள் அனுப்பினால்தான் போவார்கள்.

அனுப்புவது எப்படி? முதல் இருவருக்கு பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி இருக்கிறது. பிகேஜி_கான்ஃபிக்_பாத் மாறியில் /ஆப்ட்/கர்ல்8/லிப்/பிகேஜிகான்ஃபிக் என்று வைத்துவிட்டுக் கேட்டால், ஹெடர் பாதை, பெரிய எல், சின்ன எல் மூன்றையும் அதுவே தரும். பெரிய எல் ஃபோல்டரைக் காட்டுவது, சின்ன எல் லைப்ரரியின் பெயரைச் சொல்வது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டுத் திரையை முறைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

லோடருக்கு பிகேஜி-கான்ஃபிக் எதுவும் சொல்லாது. அதற்கு லிங்க் வரியின் கடைசியில் -டபிள்யூஎல்,-ஆர்பாத்,/ஆப்ட்/கர்ல்8/லிப் என்று நீங்களே சேர்க்கவேண்டும். டபிள்யூ பெரிய எழுத்து, எல் சின்ன எழுத்து, காற்புள்ளிகளுக்குப் பின்னால் இடைவெளி விடக்கூடாது. இது அந்தப் பாதையை நிரலுக்குள்ளேயே எழுதிவிடும். ரீட்எல்ஃப் -டி (டைனமிக் என்பதன் முதல் எழுத்து, சின்ன எழுத்தில்) ஓட்டினால் ‘ரன்பாத்’ என்ற வரியில் அது தெரியவேண்டும். தெரிந்தால் எல்டிடி இப்போது /ஆப்ட்டைக் காட்டும், உங்கள் நிரல் மட்டும் புதிய கர்லோடு ஓடும். ஆனால் ஒன்று, எல்டி_லைப்ரரி_பாத் ரன்பாத்துக்கும் மூத்தது. பழைய சோதனையின் மிச்சம் ஷெல்லில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் ஜெயிக்கும்.

பின்னால் சிமேக் என்ற பில்ட் கருவிக்கு மாறினால் ஒரு விசித்திரம் எதிர்ப்படும். பில்ட் ஃபோல்டரில் நன்றாக ஓடும் நிரல், இன்ஸ்டால் செய்ததும் லைப்ரரி இல்லை என்று சொல்லும். சிமேக் பில்டின்போது தானே ஆர்பாத் போட்டுவிட்டு, இன்ஸ்டால் செய்யும்போது அதைக் கழற்றிவிடுகிறது. சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் என்பதை நீங்கள் வைக்கவேண்டும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால், உபுண்டு 24.04-க்கு மாறிவிடலாம். அதில் கர்ல் 8.5.0, இந்த ஃபங்ஷன் டெவ் பேக்கேஜிலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பிடித்த வழி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாமே பில்ட் செய்து வைத்த லைப்ரரியை சிஸ்டம் அப்டேட் தொடாது. 2023 அக்டோபரில் கர்லின் சாக்ஸ்5 (ப்ராக்ஸி) பகுதியில் ஒரு மோசமான ஓட்டை அடைக்கப்பட்டு 8.4.0 வந்தது. உபுண்டு போன்ற டிஸ்ட்ரோவின் பேக்கேஜை நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் தானாக வந்து சேர்ந்தது. தனியாக வைத்திருந்தவர்கள் செய்தியைப் படித்துத் தாங்களே மாற்றவேண்டியிருந்தது. /ஆப்ட்டில் வைத்தால் அந்தப் பொறுப்பும் உங்களுடையது.

அடுத்தது உங்கள் .ஏ லைப்ரரிகள். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. குனு லிங்கர் கட்டளை வரியை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை படிக்கும். போகப்போக ‘இன்னும் கிடைக்காத பெயர்கள்’ என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளும். கம்பைலர் தந்த .ஓ கோப்பு வந்தால் அப்படியே முழுதாகச் சேர்த்துக்கொள்ளும். .ஏ வந்தால் அதன் நடத்தை வேறு: உள்ளே பல .ஓ கோப்புகள் இருக்கும், அவற்றில் அந்தக் கணத்தில் பட்டியலில் இருக்கும் பெயர்களைத் தருபவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மூடி வைத்துவிட்டு நகர்ந்துவிடும். திரும்பி வராது.

உங்கள் இரண்டில் ஒன்று பார்ஸ் செய்வது, மற்றது சின்னச் சின்ன உதவி ஃபங்ஷன்கள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மெயின் பார்ஸரை அழைக்கிறது, பார்ஸர் உதவியை அழைக்கிறது. வரிசை மெயின், உதவி, பார்ஸர் என்று இருந்தால், லிங்கர் உதவி லைப்ரரியைத் திறக்கும் நேரத்தில் அதிலிருந்து எதையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மெயின் கேட்டது பார்ஸரை மட்டும்தான். வெறுங்கையோடு மூடிவிடும். அடுத்து பார்ஸரைத் திறந்து எடுக்கும்போதுதான் உதவியின் பெயர்கள் பட்டியலில் ஏறும். அதற்குள் வண்டி போய்விட்டது. ஆகவே கேட்பவர் இடப்பக்கம், கொடுப்பவர் வலப்பக்கம். மெயின், பார்ஸர், உதவி.

இரண்டும் ஒன்றை ஒன்று அழைத்தால்? ஒரே லைப்ரரியை வரியில் இரண்டு முறை எழுதலாம், அல்லது ஸ்டார்ட்-க்ரூப், எண்ட்-க்ரூப் என்ற இரண்டு லிங்கர் ஆப்ஷன்களுக்கு நடுவே வைக்கலாம். அந்தக் குழுவை மட்டும் லிங்கர் திரும்பத் திரும்பச் சுற்றும். ஆனால் அந்த நிலை வந்தால், இவை இரண்டாக இருக்கத்தான் வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள்.

எல்எல்விஎம்மின் எல்எல்டி லிங்கருக்கு இந்த மறதி இல்லை, கடந்து வந்த .ஏ கோப்புகளை நினைவில் வைத்திருக்கும். ஒருவரிடம் லிங்க் ஆகும் மேக்ஃபைல் (மேக் கருவிக்கான பில்ட் விதிகள் கொண்ட கோப்பு) இன்னொருவரிடம் ஆகாமல் போவதற்கு இது ஒரு காரணம். உபுண்டுவில் .எஸ்ஓ லைப்ரரிகளுக்கும் வரிசை முக்கியம். 11.10-இலிருந்து ‘ஆஸ்-நீடட்’ இயல்பாகவே இருப்பதால், தேவை எழுவதற்கு முன் வரியில் வந்த லைப்ரரி விடப்பட்டுவிடும். ஆகையால் சின்ன எல் எல்லாவற்றையும் .ஓ கோப்புகளுக்குப் பின்னால் போடுங்கள். மேக்ஃபைலில் இவற்றை எல்டிஃப்ளாக்ஸில் சேர்க்காமல் எல்டிலிப்ஸில் சேர்த்தால் மேக்கின் உள்ளமைந்த விதிகளே சரியான இடத்தில் வைத்துவிடும்.

கடைசியாக நண்பரின் கணினி. ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. அதன் 2.34-இல், பி-த்ரெட் போன்ற தனி லைப்ரரிகள் மையத்து லிப்சிக்குள்ளேயே இழுத்துக்கொள்ளப்பட்டன. நிரலைத் தொடங்கிவைக்கும் __லிப்சி_ஸ்டார்ட்_மெயின் என்ற சிம்பலும் அப்போது புதுப் பதிப்பு பெற்றது. அதனால் உங்கள் 22.04-இல் (அங்கே 2.35) லிங்க் செய்த எந்த நிரலும், வெறும் ‘ஹலோ’ அச்சிடுவதாக இருந்தாலும், குறைந்தது 2.34 கேட்கும். அவரிடம் இருப்பது 2.31. ஆப்ஜ்டம்ப் -டி (டேபிள் என்பதன் முதல் எழுத்து, பெரிய எழுத்தில்) கொடுத்து ஜிலிப்சி என்று தேடினால் எந்தப் பதிப்புகளைக் கேட்கிறது என்று தெரியும். உங்கள் லிப்சியை அவரிடம் தூக்கிச் செல்வது தீர்வல்ல. லோடரும் லிப்சியும் ஒன்றோடு ஒன்று பொருந்தவேண்டியவை, பாதியை மாற்றினால் எதுவும் ஓடாது.

பழைய ஜிலிப்சியில் லிங்க் ஆனது புதியதில் ஓடும், தலைகீழாக ஓடாது. ஆகவே 20.04 கன்டெய்னர் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு உபுண்டு சூழல்) ஒன்றைத் திறந்து, அதற்குள் கர்ல், உங்கள் நிரல் இரண்டையும் பில்ட் செய்யுங்கள். கர்லை 22.04-இல் பில்ட் செய்து கொண்டுபோனால் அது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 3-ஐக் கேட்கும், 20.04-இல் இருப்பது 1.1. புதிய உபுண்டுகளில் அந்த 1.1 இல்லை. அதனால் கன்டெய்னரில் எடுக்கும் இந்தப் பிரதி நண்பருக்கு மட்டும், உங்களுக்கு உங்களுடையதே இருக்கட்டும்.

அவர் கணினியில் /ஆப்ட்/கர்ல்8 இருக்காது. அதனால் நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே லிப் என்று ஒரு ஃபோல்டர் வைத்து, லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்ற பெயரிலேயே கர்லைப் போட்டு அனுப்புங்கள். ஆர்பாத்தில் முழுப் பாதைக்குப் பதிலாக டாலர் குறியோடு ஆரிஜின்/லிப் என்று கொடுங்கள், ஆரிஜின் பெரிய எழுத்தில். நிரல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பார் என்று லோடருக்கு அது சொல்லும். டெர்மினலில் அடிக்கும்போது அதை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று நினைத்து விழுங்கிவிடும். மேக்ஃபைலில் எழுதினால் மேற்கோளோடு டாலரையும் இரண்டாகப் போடவேண்டும். ரீட்எல்ஃபில் ரன்பாத் வரி ‘/லிப்’ என்று மொட்டையாகத் தெரிந்தால், டாலர் எங்கேயோ விழுங்கப்பட்டிருக்கிறது.